மேனுஃபேக்சர்டு வீட்டில் தரை கிரீச்சிடுகிறதா? ஸ்க்ரூவை எடுக்கும் முன் வீட்டுக்கு அடியில் போய்ப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது: அமெரிக்காவின் வட கரோலினாவில் 1992-ல் தயாரான டபுள்-வைட் மேனுஃபேக்சர்டு வீடு ஒன்று, அதாவது தொழிற்சாலையில் இரண்டு பாதிகளாகச் செய்து, இழுத்து வந்து சேர்த்த வீடு. படுக்கையறைக்குப் போகும் நடைவழி, ஹாலின் நடுப்பகுதி, சமையலறை சிங்க் முன்னால் என்று மூன்று இடங்களில் கால் வைத்தால் கிரீச் என்கிறது. குளிர்காலத்தில் சத்தம் கூடுகிறது. பார்க்க வந்த கான்ட்ராக்டர் தரை முழுவதையும் பெயர்த்துவிட்டு மாற்றச் சொல்கிறார். அது தேவையா?

அநேகமாகத் தேவையில்லை. மூன்று இடத்திலும் சத்தம் ஒன்றுதான், ஆனால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் சொன்ன இடங்களைப் பார்த்தால் மூன்றும் மூன்று வகை என்றே தோன்றுகிறது. தவிர, இந்த வீடுகளில் தொழிற்சாலையிலேயே முதலில் தரையைப் போட்டு முடித்து, அதன் மேல்தான் சுவர்களை நிறுத்துகிறார்கள். சுவருக்கு அடியில் இருக்கும் பலகையை யாராலும் எளிதில் உருவ முடியாது. ஆகவே "முழுத் தரை" என்று அவர் சொல்வது சுவருக்குச் சுவர் நடுவில் உள்ளதை மட்டும்தான். அடியில் இருக்கும் கோளாறு அப்படியே இருந்தால், புதுப் பலகையும் இரண்டு வருடத்தில் அதே பாட்டைப் பாடும்.

தரை எதன் மேல் எது என்று உட்கார்ந்திருக்கிறது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 1976 ஜூன் 15 முதல் தயாரான வீடுகள் எல்லாம் அமெரிக்க மத்திய அரசின் வீட்டுவசதித் துறை வகுத்த விதிப்படி கட்டப்பட்டவை. அதற்கு அடையாளமாக ஒவ்வொரு பாதியின் வெளிச்சுவரிலும் ஒரு சிறிய சிவப்புத் தகடு இருக்கும். இந்த வீடுகளுக்கு நம் ஊர் வீடு மாதிரி மண்ணில் இறங்கிய அஸ்திவாரச் சுவர் பெரும்பாலும் கிடையாது. கீழிருந்து மேலாகச் சொன்னால்: கான்கிரீட் பிளாக் அடுக்கிய தூண், அதன் தலையில் மர ஆப்பு, அதன் மேல் வீட்டின் நீளத்துக்கு ஓடும் எஃகு ஐ-பீம், அதன் மேல் 2x6 அல்லது 2x8 மரச் சட்டங்கள், அதாவது ஜாயிஸ்ட், அதன் மேல் டெக்கிங் பலகை, கடைசியாகக் கார்ப்பெட் அல்லது வினைல். ஜாயிஸ்ட்டுகளுக்குக் கீழே ஃபைபர்கிளாஸ் மெத்தை. அதை ஏந்திப் பிடித்துக்கொண்டு ஒரு கறுப்புப் படுதா. அதைத்தான் பெல்லி ராப் என்கிறார்கள்.

கிரீச் என்பது மரம் ஆணியின் மேல் ஏறி இறங்கும் சத்தம். ஊஞ்சல் கொக்கி எண்ணெய் வறண்டால் எப்படிக் கத்துமோ அதே கதைதான். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓட ஓட வீட்டுக்குள் காற்று வறண்டு மரம் சுருங்குகிறது. கோடையில் இறுக்கமாக இருந்த ஆணியைச் சுற்றி மயிரிழை இடைவெளி விழுகிறது. கால் வைத்ததும் பலகை இறங்கி ஆணியை உரசும். மரம் சுருங்குவதை நம்மால் தடுக்க முடியாது. பலகை மேலும் கீழும் ஆடுவதைத்தான் நிறுத்த வேண்டும்.

கண்டுபிடிக்க இரண்டு பேர் தேவை. ஒருவர் மேலே குதிகாலும் முன்பாதமும் மாற்றி மாற்றி அழுத்தி மெதுவாக நடக்க வேண்டும். மற்றவர் ஸ்கர்ட்டிங்கின், அதாவது வீட்டின் அடிப்பகுதியைச் சுற்றி மறைக்கும் தடுப்பின், கதவைத் திறந்து, தலைவிளக்கோடு அடியில் படுத்துக் கேட்க வேண்டும். இருவரும் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளுங்கள். சத்தம் வரும் இடத்தில் மேலே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கீழே போகிறவருக்குக் கையுறை, என்-95 முகக்கவசம், நீண்ட கைச் சட்டை கட்டாயம். எலிப் புழுக்கை கிடந்தால் பெருக்காதீர்கள். ப்ளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். அங்கே தண்ணீர் தேங்கியிருந்தால் அன்றைக்கு உள்ளே போகவே வேண்டாம். தண்ணீரும் தொங்கும் மின்கம்பியும் ஒரே இடத்தில் இருந்தால் உயிருக்கு ஆபத்து.

சத்தத்தின் குணமே பாதி பதிலைச் சொல்லிவிடும். காலுக்கு நேர் கீழே குட்டையாக ஒரு கிரீச் வந்தால் பலகைக்கும் ஜாயிஸ்ட்டுக்கும் இடையில் பிடி விட்டுப்போயிருக்கிறது. "டொக்" என்று அடித்து, கூடவே அலமாரியில் பாத்திரம் அதிர்ந்தால் தூண் ஒன்று சுமையைத் தாங்கவில்லை. சத்தம் மந்தமாக, காலடியில் பலகை பிஸ்கட் மாதிரி அமுங்கினால் பலகையே உப்பிவிட்டது. யாரும் நடக்காதபோது, ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் "டிக் டிக்" என்று வந்தால் அது தரையே இல்லை. தகரக் காற்றுக்குழாய் சூட்டில் விரிகிறது. அதற்காகத் தரையில் ஐம்பது ஸ்க்ரூ அடித்தவர்கள் உண்டு.

இனி வேலை. அடியிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஒவ்வொரு தூணின் தலையிலும் உள்ள ஆப்பைக் கையால் அசைத்துப் பாருங்கள். கையால் அசைகிறது என்றால் அந்தத் தூண் எதையும் தாங்கவில்லை. அதன் பங்குச் சுமையும் பக்கத்துத் தூண்களுக்குப் போய், நடுவில் பீம் வளைந்து, அதன் மேலுள்ள ஜாயிஸ்ட்டும் பலகையும் நகர்கின்றன. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க லேசர் கருவி எல்லாம் வேண்டாம். நம் ஊர்க் கொத்தனார்கள் மட்டம் பிடிக்கும் டியூப் லெவல் போதும். அரை அங்குலத் தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஐம்பது அடி, ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் உணவுச் சாயம். வாளியை நடுவில் அசையாமல் வைத்து, குழாயின் மறுமுனையை ஒவ்வொரு தூணுக்கும் கொண்டுபோய், தண்ணீர் மட்டத்திலிருந்து ஐ-பீமின் அடிவிளிம்பு வரை எத்தனை அங்குலம் என்று அளந்து காகிதத்தில் படம் போட்டுக் குறியுங்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழி ஒன்று நின்றாலும் கணக்கு பொய்யாகிவிடும். முதலிலேயே தண்ணீரை ஓடவிட்டுக் குமிழியை வெளியேற்றுங்கள். அடுத்தடுத்த இரண்டு தூண்களுக்குள் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சத்தத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆப்பு மட்டும் தளர்ந்திருந்தால் சின்ன வேலைதான். 12 அல்லது 20 டன் பாட்டில் ஜாக்கி ஒன்றைத் தூணுக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். ஜாக்கிக்குக் கீழே கனமான மரத்துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டடுக்கு போடுங்கள். வெறும் மண்ணில் வைத்தால் வீடு ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். ஜாக்கித் தலைக்கும் பீமுக்கும் நடுவே ஒரு எஃகுத் தகடு வையுங்கள். ஐ-பீமின் நட்டநடு முதுகெலும்புக்கு நேராகத் தூக்க வேண்டும். விளிம்பில் வைத்துத் தூக்கினால் விளிம்பு வளையும். ஜாயிஸ்ட்டிலோ, பீமிலிருந்து பக்கவாட்டில் நீளும் எஃகுக் கைகளிலோ ஜாக்கி வைக்கவே கூடாது. ஒரு தடவைக்கு அரைக்கால் அங்குலம், மிஞ்சினால் கால் அங்குலம். அதற்கு மேல் ஒரே மூச்சில் தூக்கினால் ஜிப்சம் சுவரில் வெடிப்பு, மாட்டிக்கொள்ளும் கதவு என்று புதுத் தொல்லைகள் வரும். ஜாக்கி தாங்கிக்கொண்டிருக்கும்போது கை, தலை, உடம்பு எதுவும் பீமுக்கு நேர் கீழே வரக் கூடாது. பக்கத்தில் மரக்கட்டைகளை அடுக்கி மாற்றுத் தாங்கல் கொடுத்துவிட்டே வேலை செய்யுங்கள்.

ஆப்பு எப்போதும் ஜோடியாக, எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து அடிக்கப்பட வேண்டும், கடின மரமாக இருக்க வேண்டும். மத்திய அரசின் மாதிரி நிறுவல் விதிப்படி ஆப்பு ஜோடி நிரப்பும் உயரம் ஓர் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் இடைவெளி இருந்தால் கடின மரப் பலகையோ மெல்லிய கான்கிரீட் பிளாக்கோ வைத்து நிரப்பிவிட்டு, மேலே ஆப்பு. பைன் மரத் துண்டுகளை நான்கைந்து அடுக்கித் தூக்கி நிறுத்தியிருப்பதைப் பழைய வீடுகளில் அடிக்கடி பார்க்கலாம். அவை நசுங்கி நசுங்கித்தான் வீடு இறங்கியிருக்கும். ஓர் அங்குலத்துக்கு மேல் தூக்க வேண்டியிருந்தாலோ, தூணே சாய்ந்திருந்தாலோ, காற்றுக்கு வீட்டைக் கட்டிப்பிடிக்கும் எஃகுப் பட்டைகள் விறைத்திருந்தாலோ இந்த வீடுகளை நிறுவ உரிமம் பெற்ற இன்ஸ்டாலரைக் கூப்பிடுங்கள். செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

தூண் இறங்கக் காரணம் ஏறக்குறைய எப்போதும் தண்ணீர்தான். கூரைத் தண்ணீர்க் குழாய் ஸ்கர்ட்டிங் ஓரத்திலேயே கொட்டுகிறதா? துணி உலர்த்தும் டிரையரின் குழாய் கழன்று, ஈரக் காற்றை வீட்டுக்கு அடியிலேயே ஊதுகிறதா? ஏசித் தண்ணீர் அங்கேயே சொட்டுகிறதா? மூன்றும் ஸ்கர்ட்டிங்கைத் தாண்டி வெளியே போக வேண்டும். மண்ணின் மேல் 6 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் பாலித்தீன் விரிப்பு இருக்க வேண்டும், துண்டுக்குத் துண்டு 12 அங்குலம் ஏறியிருக்க வேண்டும். ஸ்கர்ட்டிங்கில் காற்றோட்டத் திறப்பு, தரைப் பரப்பில் 150 சதுர அடிக்கு 1 சதுர அடி என்பது கணக்கு. விரிப்பு முழுமையாக இருந்தால் விதி இதைக் கணிசமாகத் தளர்த்துகிறது. இதைச் சரிசெய்யாமல் மேலே எதைச் செய்தாலும் நிற்காது.

ஹாலின் நடுவில் வரும் சத்தத்துக்கு வருவோம். டபுள்-வைட் என்றால் இரண்டு பாதிகளைத் தனித்தனியாக இழுத்து வந்து நடுவில் சேர்த்தது. அந்தச் சேர்க்கைக் கோட்டை மேரேஜ் லைன் என்கிறார்கள். கல்யாணத்துக்கு முடிச்சு தளர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரு பாதிகளின் ஓர ஜாயிஸ்ட்டுகளும் அங்கே முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும், சாய்வாக அடித்த லேக் ஸ்க்ரூக்கள், அதாவது போல்ட் போன்ற தலையுள்ள தடித்த மர ஸ்க்ரூக்கள், இரண்டையும் பிணைக்கும். ஒரு பாதியின் தூண் இறங்கினால் இரண்டும் உரசும். ஹாலின் திறந்த பகுதிக்கு இரு முனையிலும், கூரை உத்தரத்தின் சுமை இறங்கும் இடங்களில், கோட்டின் அடியில் தனித் தூண்கள் இருக்கும்; முதலில் அவற்றைப் பாருங்கள். மட்டம் சரியான பிறகே லேக் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். வரிசையை மாற்றி, மட்டம் கோணலாக இருக்கும்போதே இறுக்கினால் அந்தக் கோணலே நிரந்தரமாகிவிடும். புது ஸ்க்ரூ சேர்ப்பதானால் அளவும் இடைவெளியும் உங்கள் வீட்டின் நிறுவல் கையேட்டில் உள்ளபடி. கையேடு இல்லையென்றால், சமையலறை அலமாரிக்குள்ளோ மின்பெட்டி அருகிலோ படுக்கையறை அலமாரியிலோ ஒட்டியிருக்கும் தகவல் அட்டையில் தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். அதைச் சொல்லிக் கேளுங்கள்.

நடைவழிதான் உண்மையான ஸ்க்ரூ வேலை. முதல் பிரச்சினை ஜாயிஸ்ட் எங்கே என்பது. தரையில் ஹீட்டர் காற்று வரும் திறப்பின் மூடியைக் கழற்றுங்கள். வெட்டிய பலகையின் கனம் அங்கேயே தெரியும், பக்கத்தில் ஜாயிஸ்ட் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதும் பெரும்பாலும் தெரியும். இது முக்கியம், ஏனென்றால் சில வீடுகளில் ஜாயிஸ்ட் குறுக்கே ஓடும், சிலவற்றில் நீளவாக்கில். அங்கிருந்து 16 அங்குலத்துக்கு ஒன்று என்று அளந்து பாருங்கள். 24 அங்குல இடைவெளியும் உண்டு. சிறிய வீரியமான காந்தம் ஒன்றைத் தரையில் தேய்த்தால் பலகையை அடித்த ஆணி, ஸ்டேப்பிள் வரிசையில் ஒட்டும். வரிசை கிடைத்தால் ஜாயிஸ்ட் கிடைத்தது. அதன் அகலமோ ஒன்றரை அங்குலம்தான், குத்துமதிப்பாக அடிக்க இடமில்லை.

ஸ்க்ரூ தேர்வில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பலகை 5/8 அங்குலம் என்றால் 8-ஆம் எண், 2 அங்குல நீள மர ஸ்க்ரூ போதும். தலைக்குக் கீழே கொஞ்ச தூரம் மரை இல்லாமல் வழுவழுப்பாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். நீளம் முழுவதும் மரை உள்ள ஸ்க்ரூ பலகையையும் கவ்வும், ஜாயிஸ்ட்டையும் கவ்வும். நடுவிலிருந்த இடைவெளி அப்படியே பூட்டப்பட்டுவிடும், சத்தம் போகாது. மரையில்லாத கழுத்துதான் பலகையைச் சுதந்திரமாகக் கீழே இறங்கவிடும். கையில் முழு மரை ஸ்க்ரூ மட்டும்தான் இருக்கிறது என்றால், பலகையில் மட்டும் ஸ்க்ரூவை விடச் சற்றே பெரிய துளை போட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் அடிக்கும்போது அந்த இடத்தில் உங்கள் முழு எடையோடு நில்லுங்கள். ஜிப்சம் போர்டுக்கான கறுப்பு ஸ்க்ரூ வேண்டாம். அது முறியும் சாதி, இரண்டு குளிர்காலத்தில் தலை தெறித்துவிடும்.

கார்ப்பெட்டை ஓரத்திலிருந்து பிரித்து மடக்கிவிட்டு, சத்தம் வரும் ஜாயிஸ்ட்டின் மேல் 6 அங்குலத்துக்கு ஒன்று, சத்தம் நிற்கும் இடத்தைத் தாண்டி இருபுறமும் இரண்டடி வரை அடியுங்கள். தலை பலகையின் மட்டத்துக்குச் சற்றே கீழே இறங்கியதும் நிறுத்த வேண்டும். பலகை பார்ட்டிக்கிள் போர்டாக, அதாவது மரத்தூளைப் பசையால் அழுத்திச் செய்ததாக இருந்தால், அதற்கு மேல் திருகினால் தூள்தான் மிஞ்சும், பிடி இருக்காது. ட்ரில்லின் கிளட்சைக் குறைத்து வையுங்கள். ஸ்க்ரூ இறுகாமல் சும்மா சுற்றினால் ஜாயிஸ்ட் தவறிவிட்டது. அதை அப்படியே விட்டுவிடாதீர்கள், பிடுங்கிவிட்டு அரை அங்குலம் தள்ளி அடியுங்கள். தவறிய ஸ்க்ரூவின் முனை பலகைக்குக் கீழே ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பொந்தில்தான் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. 1992 வீடு என்பதால் சாம்பல் நிறப் பாலிபியூட்டிலின் குழாயாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அது ஏற்கெனவே கசிவுக்குப் பேர்போனது. வேலை தொடங்கும் முன் பிரதான வால்வு எங்கே என்று பார்த்து வையுங்கள்.

கார்ப்பெட்டைப் பிரிக்க மனமில்லை என்றால் அதன் வழியாகவே அடிக்கும் கிட் கிடைக்கிறது. ஸ்க்வீக் நோ மோர் என்பது அதில் பிரபலமானது. முக்காலி மாதிரி ஒரு தாங்கியின் வழியே ஸ்க்ரூவைச் செலுத்தி, பிறகு ஆட்டினால் தலை தரை மட்டத்துக்குக் கீழே முறிந்து கையோடு வந்துவிடும். வெட்டிய மயிர்க் கார்ப்பெட்டுக்கு அருமை. வளைய இழைக் கார்ப்பெட்டில் இழை ஸ்க்ரூவில் சுற்றிக்கொண்டு ஒரு வரிசையே உருவி வந்துவிடும், அங்கே வேண்டாம்.

மேலே தொட முடியாத இடங்களில், உதாரணமாக நல்ல வினைலுக்குக் கீழே, அடியிலிருந்துதான் வழி. பெல்லி ராப்பை மூன்று பக்கம் மட்டும் வெட்டி மடல் போல் இறக்கி, ஃபைபர்கிளாஸை ஒதுக்கிவிட்டு, பலகைக்கும் ஜாயிஸ்ட்டுக்கும் இடைவெளி தெரியும் இடத்தில் பசை தடவிய மெல்லிய ஆப்பை விரலால் தள்ளுங்கள். சுத்தியல் வேண்டாம், அடித்துச் செருகினால் பலகை மேலெழுந்து பக்கத்தில் புதுச் சத்தம் பிறக்கும். இடைவெளி நீளமாக இருந்தால், 2x4 கட்டை ஒன்றின் மேல்முகத்திலும் பக்கத்திலும் கட்டுமானப் பசை பூசி, பலகையோடு அழுத்திப் பிடித்து, ஜாயிஸ்ட்டின் பக்கவாட்டில் இரண்டரை அங்குல ஸ்க்ரூவால் முடுக்குங்கள். பசை காய ஒரு நாள் ஆகும், அதுவரை மேலே நடக்காதீர்கள்.

சிங்க் முன்னால் உள்ள இடத்தில் எனக்குச் சந்தேகம் பலகையின் மேலேயே. அலமாரிக்குள் குழாய் இணைப்புகளைத் துணியால் துடைத்து ஈரம் பாருங்கள். பிறகு அடியிலிருந்து பலகையைக் கூர்மையான துளையூசியால் குத்துங்கள். நல்ல பலகை எதிர்க்கும். ஈரம் குடித்த பார்ட்டிக்கிள் போர்டில் ஊசி அவல் மூட்டையில் இறங்குவது போல் இறங்கும். அந்த நிலைக்கு வந்த பலகை காய்ந்தாலும் திரும்பாது, ஸ்க்ரூவும் அதில் நிற்காது. கெட்டியாக எதிர்க்கும் இடம் வரை வெட்டி எடுக்க வேண்டியதுதான், ஆனால் அந்த அளவு மட்டுமே.

வெட்டும் முன் கசிவை நிறுத்துங்கள், மின்சாரத்தையும் தண்ணீரையும் அடையுங்கள். சர்க்குலர் ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்குச் சரியாக வைத்து, இருபுறமும் ஜாயிஸ்ட்டின் நடுக்கோட்டில் வெட்டுங்கள். ஜாயிஸ்ட் இல்லாத ஓரங்களில், சுவர் பக்கமும் அலமாரி பக்கமும், 2x4 கட்டையைக் குறுக்கே பொருத்தித் தாங்கல் கொடுங்கள். பழையது 5/8 என்றால் 19/32 என்று விற்கும் ப்ளைவுட் ஏறக்குறைய அதே கனம். மறுபடியும் பார்ட்டிக்கிள் போர்டு போடாதீர்கள். ஜாயிஸ்ட் மேல் பசைக் கோடு, பலகை ஓரங்களில் அரைக்கால் அங்குல இடைவெளி, ஓரத்தில் 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ, நடுவில் 8 அங்குலத்துக்கு ஒன்று. மேலே வினைலை ஒட்டுப்போட்டால் தெரியத்தான் செய்யும், அந்த அறைக்கு மட்டும் புதிது போடுவது உத்தமம். இதைவிடப் பழைய, 1980-களுக்கு முந்தைய வீடு வைத்திருப்பவர்கள் வினைலைச் சுரண்டும் முன் ஆஸ்பெஸ்டாஸ் சோதனை செய்துகொள்ளுங்கள்.

கான்ட்ராக்டரிடம், ஊசி இறங்கும் இடம் எது எது என்று காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு அடியில் போகாமலேயே முழுத் தரைக்கு விலை சொன்னவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கடைசி வேலை பெல்லி ராப். ஃபைபர்கிளாஸைப் பழையபடி பலகையோடு ஒட்டித் தள்ளி, மடலை ஏற்றி, வெளிநோக்கி மடங்கும் ஸ்டிச் ஸ்டேப்ளரால் விளிம்புகளைத் தைத்து, அதன் மேல் பெல்லி ராப்புக்கென்றே விற்கும் பட்டையை ஒட்டுங்கள். சாதாரண டக்ட் டேப் ஒரு கோடையில் உரிந்து தொங்கும், அந்த வழியாக எலி ஏறும். ஒட்டும் இடத்தைத் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். தூசி மேல் எந்தப் பட்டையும் நிற்காது.